மேலே பளபளப்பு... அடியில் துரு!

பழைய ஸ்போர்ட்ஸ் காரா? பெயிண்டைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் பாருங்கள். சங்கதி அங்கேதான் இருக்கிறது!

'டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்' காரையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 1962 முதல் 1980 வரை தயாரான இரண்டு சீட் வண்டி. நம்ம சென்னையில் அந்தக் காலத்தில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு இது தம்பி முறை. இரண்டுக்கும் முன்பக்க சஸ்பென்ஷன் ஒரே மாதிரிதான்!

கதவு மூடாது!

கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகட்டுக்கு 'சில்' என்று பெயர். அது அலங்காரம் அல்ல. வண்டியின் பலமே அதில்தான். துருப்பிடித்தால் பட்டி பூசி மறைப்பது ஏமாற்று வேலை. வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். வெட்டும் முன் கதவு இடைவெளிக்கு முட்டுக் கொடுப்பது அவசியம். இல்லாவிட்டால் பாடி கோணிக்கொள்ளும். அப்புறம் கதவு மூடவே மூடாது!

கிரீஸ் வேண்டாம்!

முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் மரை, 'டிரன்னியன்' என்ற வெண்கலத் துண்டுக்குள் திரும்புகிறது. அதற்குக் கெட்டியான கியர் ஆயில்தான் விட வேண்டும். பலர் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். அது மரை முழுக்கப் பரவாது. தண்ணீர் புகும். துரு ஏறும். ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கும். வண்டி வேகமாகப் போகும்போது நடந்தால் உயிருக்கே உலை!

முதலில் துரு, அடுத்து வெல்டிங், பிறகு சஸ்பென்ஷன். பெயிண்ட் கடைசியில்தான்.

ஹெரால்டு வைத்திருப்பவர்களே, ஆயில் விஷயத்தில் உங்களுக்கும் இதே சட்டம்தான்!