ஒரு ஜேர்மன் விமானியின் தாள்களும் படங்களும்: சேர்ப்பதும் படிப்பதும்

1917 செப்டம்பர் 24ஆம் திகதி ஹிட்டாச்சி மாரு என்ற ஜப்பானியக் கப்பல் கொழும்பிலிருந்து புறப்பட்டது. இரண்டு நாள் கழித்து, மாலைதீவுப் பக்கம், வோல்ஃப் என்ற ஜேர்மன் போர்க்கப்பல் அதை மறித்துப் பிடித்தது. அப்போது பயணிகளின் தலைக்கு மேலே சிறிய கடல் விமானம் ஒன்று பறந்தது. வோல்ஃப் தன் வயிற்றிலேயே காவி வந்த விமானம் அது. பாகங்களைப் பூட்டி, பாரந்தூக்கியால் கடலில் இறக்கி, தண்ணீரிலிருந்தே மேலெழுப்புவார்கள். வோல்ஃப்ஷென் என்று மாலுமிகள் செல்லமாக அழைத்த அந்த விமானத்தில் பறந்தவர்கள் மத்தேயுஸ் ஸ்டைன், பவுல் ஃபாபெக் என்ற இருவர்.

தெல்தோட்டையில் இருப்பவருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துர பக்கத்து மலையில்தான் இருக்கிறது. இந்த மலைகளின் தேயிலை கொழும்புத் துறைமுகம் வழியாகவே கடல் கடந்தது. அதே துறைமுகத்துக்கு வெளியே 1917 பெப்ரவரியில் வோல்ஃப் கண்ணிவெடிகளைப் போட்டுவிட்டுப் போனது. வூஸ்டர்ஷயர், பெர்சியஸ் என்ற இரண்டு கப்பல்கள் அவற்றில் மோதி மூழ்கின. ஆகவே ஜேர்மன் விமானி ஒருவரின் போர்க்கால ஆவணங்களைச் சேர்ப்பது எப்படி என்று விளக்க, எங்கோ இருக்கும் ஒருவரைவிட இந்த இருவரையே எடுத்துக்கொள்கிறேன்.

வோல்ஃப் 1916 நவம்பர் இறுதியில் கீல் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, 451 நாட்கள் எந்தத் துறைமுகத்துக்குள்ளும் நுழையாமல் மூன்று பெருங்கடல்களைச் சுற்றி, 1918 பெப்ரவரி 24இல் வீடு திரும்பியது. கப்பல் தலைவர் கார்ல் ஆகஸ்ட் நெர்கர். 1917 ஜூனில் நியூசிலாந்துக்கு வடக்கே கெர்மாடெக் தீவுகளுக்கு அருகில் வைருனா என்ற கப்பலின் தளத்தில் விமானத்திலிருந்து ஒரு செய்தித் தாளைப் போட்டு, அதைத் தங்களிடம் வரவைத்தார்கள் இந்த விமானிகள். இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? கப்பலின் போர் நாட்குறிப்பு இருக்கிறது. தலைவர் எழுதியது இருக்கிறது. மறுபக்கத்தில், ஹிட்டாச்சி மாருவில் பயணியாக வந்து மாதக்கணக்கில் கைதியாக இருந்த ட்ரேயஸ் என்ற ஆங்கிலேய ஆசிரியர் போர் முடிந்ததும் எழுதிய நூலும் இருக்கிறது. பிடித்தவர்களின் பதிவும் பிடிபட்டவரின் பதிவும் ஒரே நாளைப் பற்றிச் சொல்லும்போது பொருந்துகின்றன. அப்படிப் பொருந்தும்போதுதான் ஒரு தாள் சாட்சியாகிறது.

பொருந்தாதபோது என்ன ஆகும் என்பதற்கும் இதே விமானம் உதாரணம். வோல்ஃப்ஷென் சிட்னி துறைமுகத்துக்கு மேலாகப் பறந்து திரும்பியது என்ற கதை பின்னாளில் பரவியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாளில், அந்த நகரில், அப்படியொரு விமானத்தைப் பார்த்ததாக உறுதியான பதிவு இல்லை. வரலாறு எழுதுகிறவர்கள் அதைச் சந்தேகத்தோடுதான் சொல்கிறார்கள். விமானியே சொன்னார், குடும்பமே சொல்கிறது என்பது போதாது.

இந்த இருவரும் முதலாம் உலகப் போர்க்காலத்தவர்கள். ஆனால் இரண்டாம் உலகப் போர் விமானியின் தாள்களே இன்று அதிகம் கைமாறுகின்றன. ஜேர்மனியின் பழைய பொருட் சந்தைகளில் அவை கிடைக்கும். அங்கே வாழும் நம் உறவினர் ஒருவர் ஊருக்கு வரும்போது ஓர் ஆல்பத்தைக் கொண்டுவந்து உங்கள் கையில் தரவும் கூடும். வந்ததும் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: கட்டைப் பிரிக்காதீர்கள். வியாபாரிகள் ஆல்பத்தைக் கிழித்துப் படம் படமாக விற்கிறார்கள். அதில்தான் பணம் கூடுதலாக வருகிறது. பிரிந்த பிறகு படத்தில் இருப்பவர் யார் என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும். எதையும் உருவி எடுப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் இருந்தபடியே படம் பிடியுங்கள். ஒவ்வொரு தாளின் பின்புறத்திலும் மெல்லிய பென்சிலால் எண் போடுங்கள், பேனா வேண்டாம்.

கட்டில் முதலில் தேட வேண்டியது சம்பளப் புத்தகம். சட்டைப் பையிலேயே வைத்திருந்த சிறு புத்தகம் அது. களத்தில் அதுதான் அடையாள அட்டை. உள்ளே பெயர், பிறந்த நாள், உயரம், முடியின் நிறம், கண்ணின் நிறம், சப்பாத்தின் நீளம் வரை எழுதியிருக்கும். இரத்த வகை, போட்ட ஊசிகள், மருத்துவமனையில் கிடந்த நாட்கள், விடுமுறை, பதவி உயர்வு எல்லாம் அதில் உண்டு. கழுத்தில் தொங்கிய அடையாளத் தகட்டில் பொறித்த எழுத்துகளும் அங்கே குறிக்கப்பட்டிருக்கும். தகடு முட்டை வடிவம். நடுவில் துளையிட்ட கோடு. ஆள் இறந்தால் ஒரு பாதி உடலோடு போகும், மறுபாதியை உடைத்து எடுப்பார்கள். இராணுவக் கடவுச்சீட்டு என்று இன்னொரு புத்தகமும் உண்டு. சேவைக் காலத்தில் அது படைப்பிரிவின் அலுவலகத்தில் இருக்கும். விலகும்போது வீரனுக்கும், இறந்தால் வீட்டாருக்கும் போகும்.

என் பார்வையில் இவற்றையெல்லாம் விடப் பெறுமதியானது பறப்புப் புத்தகம். வரிக்கு ஒரு பறப்பு. எத்தனையாவது பறப்பு, கூட வந்தவர், விமானத்தின் வகை, அதன் குறியீடு, எதற்காகப் போனது, எங்கிருந்து எத்தனை மணிக்கு எழுந்தது, எங்கே இறங்கியது, எத்தனை நிமிடம் என்று கட்டம் கட்டமாக ஓடும். 1940 நவம்பர் 14 இரவு என்று ஒரு வரி இருந்து, இலக்கு கவென்ட்ரி என்றிருந்தால், அந்த வரியோடு நின்றுவிடக் கூடாது. அன்றிரவு அந்த நகரில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அந்த நகரத்தின் பதிவையும் பக்கத்தில் வைத்தே அந்த வரியைப் படிக்க வேண்டும். 1995 ஜூலை 9இல் விமானக் குண்டு விழுந்த நவாலி தேவாலயத்தில் என்ன நடந்தது என்று அறிந்த நாட்டில் இருந்துகொண்டு, விமானத்தின் இறக்கையை மட்டும் ரசித்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. சேகரிப்பு என்ற பெயரில் ஸ்வஸ்திகாவைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள். ஜேர்மனியில் கல்வி, ஆய்வு, கலை போன்ற காரணமின்றி அந்தச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவது குற்றம்.

படங்களுக்கு வருவோம். நீலச் சாம்பல் சீருடை போட்ட எல்லாரும் பறந்தவர்கள் அல்ல. விமான எதிர்ப்புப் பீரங்கிக்காரர்களும் தகவல் தொடர்புப் பிரிவினரும் அதே விமானப்படையில்தான் இருந்தார்கள். கழுத்துப் பட்டியின் நிறம்தான் வேறு: பறப்பவருக்கு மஞ்சள், பீரங்கிக்காரருக்குச் சிவப்பு. கறுப்பு வெள்ளைப் படத்தில் அது தெரியாது. ஆகவே இடது மார்பைப் பாருங்கள். மாலைக்குள் பறக்கும் கழுகுச் சின்னம் இருந்தால் விமானியாக இருக்கலாம். பின்னணியில் குண்டுவீச்சு விமானம் நின்றால் அதன் உடற்பகுதியில் சிலுவையின் இருபுறமும் நான்கு எழுத்துகள் இருக்கும். முதல் இரண்டும் படைப்பிரிவு. ஏ1 என்றால் 53ஆவது குண்டுவீச்சுப் பிரிவு. மூன்றாவது அந்தத் தனி விமானம். கடைசி எழுத்து உட்பிரிவு. எச் என்றால் முதலாவது, கே என்றால் இரண்டாவது. பறப்புப் புத்தகத்தின் குறியீட்டுக் கட்டத்தில் இதே நான்கெழுத்து இருந்தால் படம் எந்தக் காலத்தது என்பது தெரியவரலாம்.

படத்தின் பின்புறத்தையும் விடாதீர்கள். அங்கே இருக்கும் பென்சில் எழுத்தை இன்றைய ஜேர்மன் பிள்ளைகளாலும் வாசிக்க முடியாது. 1941 வரை பள்ளிகளில் கற்பித்த பழைய கையெழுத்து முறை அது. ஜேர்மனியில் இருக்கும் உறவினரின் மூத்த அயலவர் ஒருவருக்கு அதைப் படம் பிடித்து அனுப்பினால் வழி பிறக்கலாம். போலிகளும் உண்டு. புற ஊதா விளக்கின் கீழ் தாள் வெள்ளை நீலமாக ஒளிர்ந்தால் அது போருக்குப் பிந்திய தாள், ஏனென்றால் அப்படி ஒளிரும் வெண்மையூட்டும் பொருளைத் தாளில் கலந்ததே பிறகுதான்.

அதிகாரப் பதிவுகள் சமமாகத் தப்பவில்லை. கடற்படையின் காகிதங்கள் 1945இல் தாம்பாஹ் கோட்டையில் பிரித்தானியர் கையில் பெருமளவு முழுதாகக் கிடைத்தன. வோல்ஃபின் கதையை இன்றும் சரிபார்க்க முடிவது அப்படித்தான். விமானப்படையின் காகிதங்களில் பெரும்பகுதியைப் போர் முடிவில் விமானப்படையினரே அழித்தார்கள். ஆகவே ஒரு வீட்டு இழுப்பறையில் தப்பிய சம்பளப் புத்தகம், அரசிடமே இல்லாத ஒன்றாக இருக்கக்கூடும். தாள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று மலையகத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமை கேட்டவர்கள், 1946 ஜனவரிக்கு முந்திய ஏழு அல்லது பத்து ஆண்டுகள் இடைவிடாமல் இங்கேயே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளில் பாதிக்கு மேல் போர்க்காலம். தென்கிழக்காசியத் தலைமையகம் 1944இல் பேராதனைப் பூங்காவுக்கு வந்தபோது இந்தப் பகுதியில் வாழ்ந்தவர்களின் தாள்களும் இதே முறையில் சேர்க்கப்பட வேண்டியவை. ஜேர்மன் விமானியின் கட்டுக்குக் காட்டும் கவனம் உங்கள் தாத்தாவின் தகரப் பெட்டிக்கும் உரியது.

தெல்தோட்டையின் ஈரம் படங்களுக்கு எமன். வெளிச் சுவரோடு ஒட்டிய அலுமாரியில் வைக்காதீர்கள். ஈரப்பதம் 50 வீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது. மூடிய பெட்டியில் நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறும்போது மாற்றுங்கள். பசை தடவிய ஆல்பமும் செலோடேப்பும் கூடாது. சான்றிதழ் என்றாலே லெமினேட் செய்யும் பழக்கம் நம்மிடம் உண்டு. பழைய தாளை அப்படிச் செய்தால் திரும்ப எடுக்கவே முடியாது.

கடைசியில் எழுதிக் கேளுங்கள். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர்களின் விபரங்களை வைத்திருந்த பெர்லின் அலுவலகம் 2019 ஜனவரி 1 முதல் ஜேர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் பகுதி. படைப் பிரிவுகளின் காகிதங்கள் ஃப்ரைபுர்க்கில். ஆள் இறந்து பத்து ஆண்டு கடந்திருந்தால், இறந்த நாள் தெரியாவிட்டால் பிறந்து நூறு ஆண்டு கடந்திருந்தால், பொதுவாகப் பார்வைக்குத் தருவார்கள். பிரித்தானியாவில் வீழ்த்தப்பட்டுப் பிடிபட்டவர் என்றால் விசாரணை அறிக்கை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கலாம். கடிதத்தில் முழுப் பெயர், பிறந்த திகதி, பிறந்த ஊர், அடையாளத் தகட்டின் எழுத்துகள் ஆகிய நான்கையும் சம்பளப் புத்தகத்தில் உள்ளபடியே எழுதி, அந்தப் பக்கத்தின் படத்தையும் இணைத்து அனுப்புங்கள்.