கழிமுகத்தின் இரண்டு கடிகாரங்கள்

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு வங்கக் கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில், விடிகாலையில் ஒரு சிறங்கை நீரை அள்ளுங்கள். அதே இடத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு மறுபடி அள்ளுங்கள். கண்ணுக்கு இரண்டும் ஒரே கலங்கல் நீர்தான். ஆனால் அதில் வாழும் உலகம் அதற்குள் மாறிப்போயிருக்கும்.

கடல்நீரில் ஒரு மில்லி லிட்டருக்குச் சுமார் 10 லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கும். வைரஸ்கள் அதைப்போல் பத்து மடங்கு. 1989இல் நார்வே ஆய்வாளர்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் இந்த வைரஸ்களை எண்ணிக் காட்டியபோது அறிவியல் உலகமே திகைத்தது. நாம் அஞ்ச வேண்டியதில்லை. இவற்றில் பெரும்பாலானவை பாக்டீரியாவை மட்டுமே தாக்கும் ‘பேஜ்’ வைரஸ்கள்.

கழிமுக நுண்ணுயிர்களின் முதல் கடிகாரம் சூரியன். வெயில் ஏற ஏற நுண்பாசிகள் உணவு சமைக்கின்றன. அதில் ஒரு பங்கு நீரில் கசிகிறது. அதைத் தின்று பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. இரவில் ஆக்சிஜனை உண்டாக்க ஆளில்லை, ஆனால் எல்லா உயிர்களும் அதைச் செலவழிக்கின்றன. விடியலுக்குச் சற்று முன்புதான் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. இறால் பண்ணைக்காரர்கள் பின்னிரவில் ஏரேட்டரை நிறுத்தப் பயப்படுவது இதனால்தான்.

சைனோபாக்டீரியா என்னும் நீலப்பச்சைப் பாசிகள் சூரியனுக்காகக் காத்திருப்பதுகூட இல்லை. அவற்றின் உடலுக்குள்ளேயே கடிகாரம் இருக்கிறது. கைஏ, கைபி, கைசி என்ற மூன்று புரதங்கள்தான் அது. 2005இல் ஜப்பானில் தகாவோ கோண்டோவின் குழு இந்த மூன்றையும், ஆற்றல் தரும் ஏடிபியையும் சோதனைக்குழாயில் கலந்து வைத்தது. செல் இல்லை, மரபணு இல்லை, வெளிச்சத்தின் சைகையும் இல்லை. ஆனாலும் கைசி புரதத்தில் பாஸ்பேட் ஏறுவதும் இறங்குவதும் சுமார் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை தப்பாமல் நடந்தது. உயிரியலில் இதைவிட அழகான சோதனைகள் சிலவே இருக்கும்.

வைரஸுக்கு அப்படிச் சொந்தக் கடிகாரம் கிடையாது; அது பாக்டீரியாவின் கடிகாரத்தில் ஒட்டிக்கொள்கிறது. பாசிகளைத் தாக்கும் பல வைரஸ்கள், பாசி வெயிலில் உழைக்கும் நேரத்தில் அந்த ஆற்றலைப் பறித்துத் தம்மைப் படியெடுத்துக்கொள்கின்றன. அதே வெயில் வெளியே மிதக்கும் வைரஸுக்கு எமன். புற ஊதாக் கதிர் அதன் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். கழிமுகத்தின் வண்டல்தான் அவற்றுக்குக் குடை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறு செம்மண் நிறத்தில் வரும்போது ஒளி ஆழத்துக்குப் போவதில்லை. வைரஸால் வெடித்துச் சாகும் செல்லின் உள்ளீடு நீரில் கரைந்து, மற்ற பாக்டீரியாக்களுக்கு இரையாகிறது.

இரண்டாவது கடிகாரம் நிலா. அது எழுப்பும் ஓதத்தின் ஏற்றத்தில் உப்புநீர் உள்ளே வருகிறது. வற்றத்தில் ஆற்றுநீர் வெளியே போகிறது. நன்னீர் பாக்டீரியாவும் கடல் பாக்டீரியாவும் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. நிலாவின் கணக்கு சூரியனோடு ஒத்துப்போவதில்லை. ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று நண்பகலில் நீர் நிறைந்திருந்தால், ஒரு வாரம் கழித்து அதே நண்பகலில் வற்றிக் கிடக்கும்.

ஆகவே கழிமுக நீரில் இத்தனை பாக்டீரியா என்று ஓர் எண்ணை எங்காவது படித்தால், அது எத்தனை மணிக்கு எடுத்த நீர், ஏற்றத்திலா வற்றத்திலா என்று கட்டாயம் கேளுங்கள்.