அலுமாரியின் சாவி

கொழும்பிலிருந்து புறப்படும் பேருந்து அவிசாவளையை அடைந்ததும் வழி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று இரத்தினபுரிக்குச் செல்வது. மற்றது எட்டியாந்தோட்டை, கித்துல்கலை வழியாக அட்டனுக்கு ஏறுவது. மலையகத்தைப் பற்றி எழுதுகிற எங்களிற் பலர் அந்த இரண்டாவது வழியில் ஏறி அமர்ந்ததும் உறங்கிவிடுவோம். குளிர்காற்று முகத்திற் பட்ட பிறகே விழித்துக்கொள்வோம். இடையிலே கிடக்கும் றப்பர்த் தோட்டங்களிலும் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதை நான் அறிந்திருந்தேன், ஆனால் உணர்ந்திருக்கவில்லை. உணர்த்தியவள் ஒரு சிறுமி.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்தது இது. நம் நாட்டில் ஒக்டோபர், தேசிய வாசிப்பு மாதமாகக் கொண்டாடப்படுவதை வாசகர்கள் அறிவார்கள். புத்தகக் கண்காட்சி, வாசிப்புப் போட்டி, எழுத்தாளர் சந்திப்பு என்று பாடசாலைகள் அந்த மாதத்தில் ஓரளவு களைகட்டும். கேகாலை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றின் அதிபர் என்னை அழைத்திருந்தார். பேருந்தை விட்டிறங்கி, றப்பர் மரங்களினூடே செல்லும் செம்மண் பாதையில் அரை மணி நேரம் நடந்து அங்கு போய்ச் சேர்ந்தேன். மாலை சூட்டினார்கள், விளக்கேற்றினார்கள். நீண்ட மேசையொன்றில் வெள்ளைத் துணி விரித்து, நூலகத்துப் புத்தகங்கள் அனைத்தையும் அழகாக அடுக்கியிருந்தார்கள். பிள்ளைகள் அவற்றைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார்கள், எவரும் தொடவில்லை.

நான் என் கதையொன்றைப் படித்துக் காட்டினேன். தேயிலை மலை, பனிமூட்டம், கொழுந்துக் கூடையுடன் ஏறும் தாய் என்று செல்லும் கதை அது. படித்து முடித்ததும் வழக்கம் போல், “கேள்விகள் உண்டா?” என்றேன். வழக்கம் போல் அமைதி நிலவியது. பின்வரிசையிலிருந்து ஏழாந்தரத்துப் பிள்ளையொருத்தி மெல்ல எழுந்தாள்.

“சேர், எங்க அம்மா கொழுந்து எடுக்கிறதில்ல. பால் வெட்டுறாங்க. எங்க தோட்டம் வர்ற கதை ஏதாச்சும் இருக்கா?”

எனக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. மடக்கும்புரையிற் பிறந்து, 1947-இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய சி. வி. வேலுப்பிள்ளை நினைவுக்கு வந்தார். ‘ஒரு கூடைக் கொழுந்து’ தந்த என். எஸ். எம். இராமையாவும், 1974-இல் ‘காலங்கள் சாவதில்லை’ நாவலை வெளியிட்ட ஊவாவின் தெளிவத்தை ஜோசப்பும் நினைவுக்கு வந்தனர். மூவரும் மலையக மக்களின் வாழ்வை இலக்கியமாக்கிய முன்னோடிகள். ஆயினும் அவர்கள் பிறந்ததும் பெரிதும் எழுதியதும் தேயிலை மலைகளைப் பற்றியே. சப்ரகமுவ றப்பர்த் தோட்டத்துப் பிள்ளையின் கையில் “இது உன் வீட்டுக் கதை” என்று கொடுக்க என்னிடம் அன்று ஒரு நூலும் இல்லை.

இத்தனைக்கும் அந்த மண்ணில் கதைக்குப் பஞ்சமில்லை. 1946-இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்திலிருந்து தொழிலாளரை வெளியேற்ற முற்பட்டபோது எழுந்த வேலைநிறுத்தம் அந்நாளில் நாடறிந்த செய்தி. 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எத்தனையோ குடும்பங்களைக் கப்பலேற்றியது. 1977-லும் 1983-லும் நிகழ்ந்த வன்செயல்களுக்கு அஞ்சி, இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலிருந்து வன்னிக்குச் சென்றோர் பலர். எஞ்சியவர்களின் பேரப்பிள்ளைகளே அன்று என் முன் அமர்ந்திருந்தவர்கள்.

நான் கதைத்தாளை மடித்து வைத்துவிட்டு, “கதை நீங்கள் சொல்லுங்கள், நான் கேட்கிறேன்” என்றேன். முதலிற் கூச்சம், பிறகு ஆளுக்கு ஆள் போட்டி. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் பேர் இல்லை, பேர் இல்லையென்றால் கடையிற் கடன் என்று ஒரு பையன் கணக்கு வாத்தியார் போல் விளக்கினான். வெயிற்காலத்தில் றப்பர்க் காய்கள் படீரென்று வெடித்து விதை சிதறுவதையும், அவற்றைப் பொறுக்கி விளையாடுவதையும் இன்னொருவன் சொன்னான். என் கேள்விக்கு வாய் திறவாத வகுப்பு, தன் கதைக்கு வாய் மூடவில்லை.

கூட்டம் முடிந்தது. தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில், நூலகப் பொறுப்பாசிரியை புத்தகங்களை ஒவ்வொன்றாக எண்ணி அலுமாரியில் அடுக்குவதைக் கண்டேன். எண்ணி முடித்துப் பூட்டி, சாவியை அதிபரின் மேசை இழுப்பறையில் வைத்தார். “பிள்ளைகள் எப்போது எடுப்பார்கள்?” என்று கேட்டேன். அவர் முகம் வாடிற்று. “ஆண்டு முடிவிற் கணக்கெடுப்பு வரும், ஐயா. ஒன்று குறைந்தாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.”

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வி வரலாறே ஒரு பூட்டிய அலுமாரியின் வரலாறு போன்றதுதான். 1920-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மேல் வைத்தது. ஓர் அறை, ஓர் ஆசிரியர், சில வகுப்புகள் என்ற அளவில் அது நெடுங்காலம் நின்றது. 1945-இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் புறத்தே நின்றன. 1972-லும் 1975-லும் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. அதன் பின்னரே, 1977 தொடக்கம் படிப்படியாக இப்பாடசாலைகள் அரசாங்கக் கல்வி முறைக்குள் வந்தன. இங்கு பல சிறிய பாடசாலைகளுக்கு நூலகம் என்பது அண்மைக்காலச் செல்வம். தனி அறையில்லை, தனி நூலகரில்லை. அரிதிற் கிடைத்ததைப் பூட்டிக் காப்பது இயல்பன்றோ?

இயல்புதான், ஆனால் அதனாற் புத்தகம் காக்கப்படுகிறதா என்பதே கேள்வி. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. கேகாலை மலைச்சரிவுகளும் ஈரத்திற்குக் குறைந்தவையல்ல. காற்றோட்டமற்ற அலுமாரியில் கிடக்கும் புத்தகத்தைப் பூஞ்சணமும் கறையானும் தின்கின்றன. கை மாறிக் கை மாறி வெளியே உலவும் புத்தகம் கிழியலாம். ஆனால் படிக்கப்பட்ட பிறகே கிழியும்.

நூலகவியலின் தந்தையென நாம் போற்றும் எஸ். ஆர். இரங்கநாதன் சீர்காழியிற் பிறந்தவர். 1931-இல் வெளியான தம் ஐந்து விதிகளுள் முதலாவதாக அவர் வைத்தது, நூல் பயன்படுத்துவதற்கே உரியது, பாதுகாத்து வைப்பதற்கன்று என்னும் கருத்தைத்தான். அதே ஆண்டில் மன்னார்குடியில் மாட்டுவண்டியொன்றில் புத்தகங்களை ஏற்றி ஊரூராகக் கொண்டுசெல்லும் நடமாடும் நூலகம் தொடங்கியது. வண்டி மாடு மேடு பள்ளம் பார்த்து நடந்தபோது எத்தனை நூல்கள் நனைந்தனவோ, எத்தனை திரும்பவில்லையோ! அதற்கு அஞ்சியிருந்தால் வண்டி புறப்பட்டிருக்காது.

சப்ரகமுவவில் இந்தக் கேள்விக்கு மற்றோர் அவசரமும் உண்டு. இங்கு தோட்டங்கள் சிங்களக் கிராமங்களின் நடுவே தீவுகள் போல் சிதறிக் கிடக்கின்றன. கடையிலும் பேருந்திலும் வைத்தியசாலையிலும் பிள்ளை கேட்பதும் பேசுவதும் சிங்களம். அதை அறிவது நன்று, வாழ்க்கைக்குத் தேவையுங்கூட. உயர்வகுப்புகள் தொலைவில் இருப்பதால் அருகிலுள்ள சிங்களப் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரையும் பழிக்க முடியாது. ஆனால் வீட்டுப் பேச்சைத் தாண்டி, எழுத்துத் தமிழ் அப்பிள்ளையை வந்தடைய வேறு வழி ஏது? பாடநூல் தேர்வுக்கு உரியது. விரும்பி எடுத்து, இரவில் லயத்து விளக்கடியிற் படிக்கும் கதைப்புத்தகமே மொழியை உயிரோடு வைப்பது. அந்த அலுமாரியின் சாவி அவ்வளவு பெரிய பொருள்.

இதையெல்லாம் அன்று அதிபரிடமும் ஆசிரியையிடமும் நயந்து சொன்னேன். அதிபர் சிந்தித்தார். “காணாமற்போவதை எழுதி வைப்போம், டீச்சர். கையொப்பம் நான் இடுகிறேன்” என்றார். அன்று நிகழ்ந்த உரைகளிலெல்லாம் சிறந்த உரை அதுவே.

மறு ஆண்டு அழைப்பில்லாமலே சென்றேன். அலுமாரி திறந்திருந்தது. வாரத்திற்கு ஒரு பாடவேளை வாசிப்புக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. ஏழாந்தரத்துப் பிள்ளைகளே புத்தகம் வழங்கி, கொப்பியிற் பதிந்தார்கள். மூன்று நூல்கள் திரும்பவில்லை என்று ஆசிரியை சொன்னார். ஆனால் முகம் வாடவில்லை. ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டினார். நடுப்பக்கங்கள் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. என்னிடம் கேள்வி கேட்ட பிள்ளை எடுத்துச் சென்ற புத்தகம் அது. பால் வெட்டி வந்த தாய் கை கழுவும் முன்னரே, “அப்புறம் என்ன ஆச்சு?” என்று அதை வாங்கிப் பார்த்தாளாம்.

அலுமாரியின் கீழ்த்தட்டில் அட்டை போட்ட கொப்பியொன்று இருந்தது. பிள்ளைகள் சொன்ன கதைகளை அவர்கள் கையாலேயே எழுதித் தைத்தது. மற்ற நூல்களைப் போலவே அதற்கும் பதிவேட்டில் இலக்கமிட்டு, முத்திரை குத்தியிருந்தார் ஆசிரியை.

எழுத்தாளன் பாடசாலைக்குப் போவது ஒரு நாள் நிகழ்ச்சி. மாலை வாடிவிடும், புகைப்படம் மங்கிவிடும். அவன் போன மறுநாள் அலுமாரி திறந்திருக்குமானால் அன்றி, அந்த வருகையினாற் பயனில்லை. இந்த ஒக்டோபரில் எழுத்தாளரை அழைக்கும் அதிபர்களும் போகும் எழுத்தாளர்களும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே: சாவி யாரிடம் இருக்கிறது?

அன்று நான் அந்தக் கொப்பியை இரவல் கேட்டேன். ஏழாந்தரத்துப் பையன் என் பெயரை எழுதிக்கொண்டு, “ரெண்டு கிழமையில திருப்பிக் குடுக்கணும், சேர்” என்றான். கொடுத்துவிட்டேன்.