பந்து எல்லார் காலுக்கும் வரட்டும்

மாலை ஐந்து மணிக்கு நம் தோட்டத்துத் திடலோரம் சற்று நின்று பாருங்கள். பெரிய பையன்கள் இரண்டாகப் பிரிந்து ஆடிக்கொண்டிருப்பார்கள். நடுவில் ஒரு பந்து. அதைச் சுற்றிப் பத்திருபது கால்கள். திடலின் ஓரத்தில் ஆறேழு வயதுப் பிள்ளைகள் நாலைந்து பேர் நிற்பார்கள். பந்து வெளியே உருண்டு வந்தால் ஓடிப்போய் எடுத்துக் கொடுப்பது அவர்கள் வேலை. காற்பந்தில் அவர்களுக்குக் கிடைக்கும் பங்கு அவ்வளவுதான்.

நம்மவர்க்குக் காற்பந்து நேற்று வந்ததல்ல. 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடி, அமெரிக்காவை 3-0 என்று வென்ற மலேசிய அணியின் தற்காப்பில் நின்றவர் எம்.சந்திரன். கோல் காவலர் ஆர்.ஆறுமுகத்தை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதே இல்லை. நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று பெயரெடுத்தவர். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற அணியைச் சேர்ந்தவர். நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அந்த வாய்ப்பு கை நழுவியது. 1988-இல் சாலை விபத்தில் மறைந்தார். 2016-இல் வெளிவந்த 'ஓலா போலா' படத்தில் வரும் கோல் காவலர் முத்துவைப் பார்த்துக் கண்கலங்கியவர்கள், உண்மையில் ஆறுமுகத்தை நினைத்தே கலங்கினார்கள். நம் பேராக் அணியும் 1998, 2000, 2018 ஆகிய ஆண்டுகளில் மலேசியக் கிண்ணத்தை வென்றபோது ஈப்போவிலிருந்து தெலுக் இந்தான் வரை தூங்கிய வீடுகள் குறைவு.

இவ்வளவு ஆசை வைத்திருக்கும் நாம், சின்னப் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தை எப்படிக் கற்றுக்கொடுக்கிறோம்? பெரும்பாலும் கற்றுக்கொடுப்பதே இல்லை. பெரிய திடலில் பதினோரு பேர் ஆட்டத்தில் இறக்கிவிட்டு, ஓரத்தில் நின்று "அடிடா!" என்று கத்துகிறோம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபத்திரண்டு பிள்ளைகள், ஒரு பந்து, இருபது நிமிட ஆட்டம். பந்து ஒரு நொடிகூட வெளியே போகாமல், எல்லாருக்கும் சரிசமமாகக் கிடைத்தாலும், ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூட வராது. ஆனால் சரிசமமாகவா கிடைக்கிறது? கெட்டிக்காரப் பையன்கள் மூன்று பேர் பந்தை வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் ஓடுவார்கள், சிலர் ஓடவும் மாட்டார்கள். அதே இருபது நிமிடம் பக்கத்துக்கு மூன்று பேராக ஆடினால், ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் வருகிறது. எழுதிப் பழகாத பிள்ளைக்கு எழுத்து வருமா? காலில் பந்து படாத பிள்ளைக்கு ஆட்டமும் வராது.

தோட்டப்புறப் பள்ளிகளின் நிலைமையையும் இங்கே சொல்ல வேண்டும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போய்விட்டன. பேராக்கில் 100-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தாலும், அவற்றில் பல சிறிய பள்ளிகள்தாம். என் பள்ளியில் முதல் மூன்று ஆண்டுகளையும் சேர்த்தே பதினாறு பிள்ளைகள். பாதிப்பேர் பெண் பிள்ளைகள். "ஒரு குழுகூடச் சேராதே, காற்பந்து எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கல்வி அமைச்சு 2011-இல் 'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' என்ற கொள்கையைக் கொண்டுவந்த பிறகும் இந்தக் கேள்வி ஓயவில்லை. நான் சொல்வேன்: பதினாறு பேர் என்பது குறையே அல்ல. ஆறிலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு அதுதான் சரியான அளவு.

பெரிய காற்பந்து நாடுகளே இந்த வழிக்கு வந்துவிட்டன. இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் 2012-இல் வாக்கெடுத்து, ஏழு, எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஐவர் ஆட்டம் என்று முடிவு செய்தது. ஜெர்மனியைச் சேர்ந்த ஹோர்ஸ்ட் வைன் என்ற பயிற்சியாளர், பக்கத்துக்கு மூவர், நான்கு சிறிய கோல்கள் என்று ஓர் ஆட்டத்தை உருவாக்கினார். அதைப் போன்ற சிறிய ஆட்டங்கள் 2024-ஆம் ஆண்டிலிருந்து அந்த நாடு முழுவதும் சிறுவர்களுக்குக் கட்டாயம். உலகக் கிண்ணத்தை நான்கு முறை வென்ற நாடு அது!

சரி, நம் வாசலுக்கு வருவோம். என்னென்ன வேண்டும்? முதலில் பந்து, ஆளுக்கு ஒன்று. "அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது, வாத்தியாரே?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பிரேசிலின் பெலே சிறுவயதில் காலுறைக்குள் பழைய தாளைத் திணித்துப் பந்தாக்கி ஆடியவர். நம் முன்னோரும் ஒட்டுப்பாலை உருட்டிப் பந்து செய்தவர்கள்தாம். ஆனால் ஒட்டுப்பால் பந்து துள்ளித் துள்ளி ஓடும். சின்னக் கால்களுக்கு அடங்காது. பழைய பள்ளிக் காலுறைக்குள் கந்தல் துணியை இறுக அடைத்து, வாயைத் தைத்துவிடுங்கள். துள்ளாது, உதைத்தாலும் தூரம் போகாது, காலருகிலேயே கிடக்கும். பழகும் பிள்ளைக்கு வேண்டியது அதுதானே! கடையில் வாங்குவதானால் எட்டு வயது வரை 3-ஆம் எண் பந்து, பன்னிரண்டு வரை 4-ஆம் எண். பெரியவர்கள் ஆடும் 5-ஆம் எண் பந்து 410-இலிருந்து 450 கிராம் வரை எடையுள்ளது. அதை ஆறு வயதுப் பிள்ளையின் காலில் வைத்தால், கட்டைவிரல் நுனியால் குத்தும் கெட்ட பழக்கம்தான் வரும்.

அடுத்து, அடையாளம் வைக்க மங்குகள். மரத்தில் பால் பிடித்த பழைய மங்குகள் இன்னும் சில வீடுகளின் பின்கட்டில் கிடக்கும். இல்லையென்றால் பிளாஸ்டிக் டப்பா போதும்.

முதல் ஆட்டம், 'பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு'. ஒவ்வொரு பிள்ளையும் தன் பந்தைச் சின்னச் சின்னத் தட்டாகத் தட்டிக்கொண்டு வரவேண்டும். 'சிவப்பு' என்றதும் உள்ளங்காலைப் பந்தின்மேல் வைத்து நிறுத்த வேண்டும். நிறுத்த முடியாதவர் மூன்றடி பின்னே போகவேண்டும். வேகமாக உதைத்தவன் தோற்பான், பந்தைக் காலோடு வைத்திருந்தவன் வெல்வான். நாம் வாய் வலிக்கச் சொல்லவேண்டியதை ஆட்டமே சொல்லிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது, 'மங்கு கவிழ்த்தல்'. இருபது மங்குகளைப் பரப்பிப் பாதியைக் கவிழ்த்தும் பாதியை நிமிர்த்தியும் வையுங்கள். ஒரு குழு கவிழ்க்க வேண்டும். மற்றது நிமிர்த்த வேண்டும். ஆனால் பந்தை உருட்டிக்கொண்டுதான் மங்குக்கு மங்கு போகலாம். இரண்டு நிமிடம் கழித்து எண்ணுங்கள். தலையை நிமிர்த்தி அடுத்த மங்கு எங்கே என்று தேடியபடியே பந்தை ஓட்டும் வித்தை இதில் தானாக வரும். என் பிள்ளைகளுக்கு இதுதான் மிகவும் பிடித்தது. மணி அடித்தாலும் விடமாட்டார்கள்.

மூன்றாவது, 'புலி வருது'. ஒரு கட்டத்துக்குள் எல்லாரும் பந்தோடு சுற்ற, பந்தில்லாத இரண்டு 'புலிகள்' மற்றவர்களின் பந்தைத் தட்டி வெளியே அனுப்பப் பார்க்கும். உடம்பைக் குறுக்கே வைத்துப் பந்தை மறைக்கப் பிள்ளை கற்றுக்கொள்ளும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பந்தை இழந்தவரை 'அவுட்' என்று உட்காரவைக்காதீர்கள். முதலில் பந்தை இழப்பது யார்? பயிற்சி அதிகம் தேவைப்படும் பிள்ளைதான். அதையே அதிக நேரம் உட்காரவைத்தால் என்ன நியாயம்? வெளியே போய்ப் பத்து முறை பந்தின்மேல் கால்மாற்றித் தட்டிவிட்டு மீண்டும் வரட்டும்.

பந்தைத் தள்ளிக்கொடுப்பதற்கு, இரண்டு சிலிப்பர்களை இரண்டடி இடைவெளியில் வைத்தால் ஒரு 'வாசல்'. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, பாதத்தின் உட்பக்கத்தால் வாசல் வழியே தள்ள வேண்டும். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை என்று அவர்களே எண்ணட்டும். கணக்குப் பாடமும் ஆயிற்று. கோல் அடிக்க, பழைய மைலோ டின்களை அடுக்கிக் குறிபார்த்து விழுத்தச் சொல்லலாம்.

வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராக உதைக்கச் சொல்லும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். மூன்றாவது பிள்ளை உதைப்பதற்குள் பத்தாவது பிள்ளை தட்டான் பிடிக்கப் போயிருக்கும். அதைக் குறைசொல்லி என்ன பயன்?

கடைசிப் பத்து நிமிடம் மூவர் ஆட்டம். சிறிய இடமே போதும். பள்ளி வாசலே இடம் கொடுக்கும். பக்கத்துக்கு இரண்டு சிறிய கோல்கள். ஒரு கோலை எல்லாரும் அடைத்துக்கொண்டால் மற்றது திறந்து கிடக்கும். அதை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் சத்தம்போடாத பிள்ளையாக இருப்பார். என் வகுப்பில் அப்படிப் பார்ப்பவர்கள் அநேகமாகப் பெண் பிள்ளைகள். "பொம்பளைப் பிள்ளைக்குப் பந்து எதுக்கு சார்?" என்று கேட்ட தாய்மாரும் இருக்கிறார்கள். இந்த வயதில் ஆண் பெண் என்று பலத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது, அம்மா. கலந்தே ஆடட்டும்.

காலணி இல்லையே என்று வருந்தவும் வேண்டாம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியினர் பலர் வெறுங்காலோடுதான் பிரான்சை எதிர்த்து ஆடினார்கள். 2-1 என்று தோற்றாலும் இந்தியாவின் அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். ஆனால் ஆடும் முன் புல்லில் கண்ணாடித் துண்டு, ஆணி கிடக்கிறதா என்று நீங்கள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிடுங்கள். பந்து செம்பனைக்குள் போனால் பிள்ளையை அனுப்பாதீர்கள். மட்டை முள் ஒரு பக்கம், பாம்பு ஒரு பக்கம். பெரியவர் யாராவது கையில் கோலோடு போங்கள்.

தலையால் முட்டுவது இந்த வயதில் வேண்டவே வேண்டாம். மூளைக்கு ஆகாது என்ற கவலையால் அமெரிக்காவில் 2015-இல் பத்து வயது வரை அதைத் தடுத்துவிட்டார்கள். இங்கிலாந்திலும் 2020-இல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சியிலிருந்து அதை நீக்கினார்கள். இடி கேட்டால் உடனே திடலை விட்டுக் கட்டடத்துக்குள் வந்துவிட வேண்டும். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆனபிறகே திரும்பலாம். நம் மாநிலத்து மாலைமழை தெரிந்ததுதானே.

அப்பாமார்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளை பந்தை நிறுத்தி, எந்தப் பக்கம் போகலாம் என்று யோசிக்கும் அந்த ஒரு நொடிதான் அது கற்றுக்கொள்ளும் நொடி. அப்போது "அடி, அடி!" என்ற குரல் வந்தால், கண்ணை மூடிக்கொண்டு உதைத்துவிடும். கத்தியே ஆகவேண்டும் என்றால் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கைதட்டுங்கள். யார் எத்தனை கோல் என்று வீட்டுக்கு வந்த பிறகும் கேட்க வேண்டாம். "இன்றைக்கு என்ன ஆட்டம் ஆடினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், சோறு ஆறும் வரை சொல்லும்.

ஆட்டம் முடிந்ததும் மங்குகளை எண்ணி எடுத்து, கவிழ்த்து அடுக்கிவையுங்கள். நிமிர்ந்து கிடந்தால் மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும். இந்த வேலையைப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம். யார் அதிகம் பொறுக்குவது என்று அதிலும் ஒரு போட்டி வைத்துக்கொள்வார்கள்.