உங்களுக்குத் தெரியுமா? பனிக்காலத்தில் கரண்டுக்கும் கம்பளி வேண்டும்!

மண் உறைந்தால் எர்த் படுத்துவிடும்! 20 டிகிரியில் சாதாரண மணல் கலந்த மண்ணின் மின்தடை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 15 டிகிரியில் அதே மண்ணுக்கு எவ்வளவு தெரியுமா? 45 மடங்கு! அதனால்தான் பனி நாடுகளில் எர்த் கம்பியை உறையாத மண் கிடைக்கும் ஆழம்வரை இறக்குகிறார்கள்.

தாமிரக் கம்பியோ நேர் எதிர்! குளிரக் குளிர அதற்குக் கொண்டாட்டம். 20 டிகிரியிலிருந்து மைனஸ் 40க்குப் போனால் தடை கிட்டத்தட்ட 24 சதவீதம் குறைகிறது! பாவம், மேலே இருக்கும் சாதாரண பிவிசி உறைதான் விறைத்து, வளைத்த இடத்தில் விரிசல் விடும். கனடாவில் மைனஸ் 40 தாங்கும் கேபிளாகப் பார்த்து வாங்குகிறார்கள்!

முழு சார்ஜில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி மைனஸ் 50 டிகிரியில்கூட உறையாது. சார்ஜ் தீர்ந்த பேட்டரி? மைனஸ் 10ஐக்கூடத் தாங்காது! உறைந்து, உப்பி, வெடிப்பு விட்டுவிடும். பனிக்காலத்தில் பேட்டரிக்கு சார்ஜ்தான் ஸ்வெட்டர்!

அமெரிக்க மருத்துவமனைகளில் கரண்ட் போனால் அவசர ஜெனரேட்டர் எத்தனை நொடிக்குள் மின்சாரம் தர வேண்டும்? வெறும் 10! விறைத்துப்போன எஞ்சின் இதைச் செய்யுமா? செய்யாது. ஆகவே ஓடாமல் சும்மா நிற்கும்போதும் ஹீட்டர் போட்டு அதன் தண்ணீரைச் சூடாகவே வைத்திருக்கிறார்கள். குறைந்தது 32 டிகிரி!

டீசலுக்குள் மெழுகு இருக்கிறது! கடுங்குளிரில் அது திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். டேங்க் நிறைய டீசல் இருக்கும், எஞ்சினுக்கு ஒரு சொட்டுகூடப் போகாது!

கனடாவின் எட்மன்டன், வின்னிபெக் பக்கம் போய் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கார் நிறுத்துமிடங்களைப் பாருங்கள். வரிசையாகப் பிளக் பாயின்ட்கள்! பெட்ரோல் கார்களும் தொழுவத்து மாடுகளைப் போல ஒயரில் கட்டப்பட்டு நிற்கும். எஞ்சினுக்குள் ஹீட்டர் ஓடுகிறது! 1949ல் இப்படியொரு ஹீட்டருக்குக் காப்புரிமை வாங்கியவர் வடக்கு டகோட்டாவின் ஆண்ட்ரூ ஃப்ரீமன். முதல் ஹீட்டரை எதில் செய்தார் தெரியுமா? பழைய தாமிரக் குழாயும் ஓர் இஸ்திரிப் பெட்டியின் காயிலும்!

தண்ணீர்க் குழாய் உறையாமலிருக்க அதன்மேல் சுற்றும் ஒரு கேபிள் இருக்கிறது. தெர்மோஸ்டாட் வேண்டாம், சுவிட்சைத் தொட வேண்டாம். எந்த இடத்தில் குளிர் அதிகமோ அந்த இடத்தில் மட்டும் அதிகமாகச் சூடாகும்! உள்ளே கரித்தூள் கலந்த பிளாஸ்டிக். குளிரில் சுருங்கினால் கரித்துகள்கள் நெருங்கிக் கரண்ட் கூடும். சூட்டில் விரிந்தால் விலகிக் கரண்ட் குறையும். என்னைக் கேட்டால், பனி நாட்டுக் கட்டடங்களின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு இதுதான்!

வீட்டு ஜெனரேட்டரை சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் நேரே பிளக்கில் சொருகினால் என்ன ஆகும்? தெரு டிரான்ஸ்ஃபார்மர் தலைகீழாக வேலை செய்யும்! அமெரிக்காவில் உங்கள் வீட்டு 240 வோல்ட், கம்பத்தில் பழுது பார்க்கும் லைன்மேன் கையில் 7,200 வோல்ட்! தயவுசெய்து வேண்டாம்!

ஜெனரேட்டரை வீட்டுக்கு வெளியே எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும்? குறைந்தது 6 மீட்டர்! அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. கராஜ் கதவு திறந்திருந்தாலும் அங்கே வைக்கக்கூடாது!

இரண்டு கம்பங்களுக்கு இடையே ஓடும் கம்பியில் வெறும் அரை அங்குலப் பனிக்கட்டி படிந்தால் கூடும் எடை? 225 கிலோ வரை! 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக்கில் பெய்த உறைமழையில் 1,000க்கும் மேற்பட்ட இரும்பு மின்கோபுரங்கள் சரிந்தன!

அந்த இருட்டில் மான்ட்ரியல் அருகே பூஷேர்வில் ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ரயில் எஞ்சினைத் தண்டவாளத்தை விட்டே இறக்கினார்கள்! நடுத்தெருவில் ஓட்டிக்கொண்டு போனார்கள்! இரும்புச் சக்கரம் தார் ரோட்டைக் கிழிக்கக் கிழிக்க, கிட்டத்தட்ட 300 மீட்டர்! நகர மன்றத்தின் வாசலில் நிறுத்தி, ஒயர் இழுத்து, கட்டடத்துக்குக் கரண்ட் கொடுத்தார்கள். டீசல் ரயில் எஞ்சின் என்பதே ஓடும் ஜெனரேட்டர்தானே!

2013 கிறிஸ்துமஸ் நேரத்தில் டொரன்டோவிலும் உறைமழை. நம் தமிழர்கள் நிறைந்த ஸ்கார்பரோவும் தப்பவில்லை. மின்சாரம் இழந்த இணைப்புகள் 3,00,000!

கரண்ட் திரும்பி வரும் நொடியும் ஆபத்துதான்! குளிர்ந்துபோன வீடுகளில் எல்லா ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடும். சுமை வழக்கத்தைவிட இரண்டு மடங்கைத் தாண்டும்! ஒரு விளக்கை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஆஃப் செய்து வையுங்கள்!

2021 பிப்ரவரி 15, டெக்சாஸ். ஓர் அணுமின் நிலையத்தில் அழுத்தம் அளக்கும் சின்னக் குழாய் உறைந்தது. உடனே அணு உலையே நின்றது! போனது 1,300 மெகாவாட்!

அதே நாள் அதிகாலையில் டெக்சாஸின் மின்சார அதிர்வெண் 60 ஹெர்ட்ஸிலிருந்து 59.4க்கும் கீழே இறங்கி, 4 நிமிடம் 23 நொடி அங்கேயே நின்றது. 9 நிமிடம் நின்றிருந்தால் மின்நிலையங்கள் தாமாகவே கழன்றுகொண்டு மாநிலம் முழுக்க இருண்டிருக்கும். மிச்சம் இருந்த நேரம்? 4 நிமிடம் 37 நொடி!