நாய்க்குட்டிக்கு வயிற்றுப்போக்கு: வீட்டில் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

உங்கள் வீட்டு நாய்க்குட்டி இளக்கமாகவோ தண்ணீராகவோ மலம் கழிக்கிறதா? நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டி என்றால், இதை மணிக் கணக்கில் கவனியுங்கள். வளர்ந்த நாய்க்கு ஒரு நாள் வயிறு கெட்டால் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். குட்டிக்கு அந்த அவகாசம் கிடையாது.

காரணம் எளிது. இரண்டு கிலோ எடையுள்ள குட்டியின் உடலிலிருந்து 100 மில்லி நீர் குறைந்தாலே வாடத் தொடங்கும். 200 மில்லி குறைந்தால் உயிருக்கே ஆபத்து. கடையில் வாங்கும் ஒரு பாக்கெட் பானத்தின் அளவு 250 மில்லி. காலையிலிருந்து ஐந்தாறு முறை பேதியாகி, இரண்டு முறை வாந்தியும் எடுத்த குட்டி, மாலைக்குள் அந்த அளவை நெருங்கிவிடக்கூடும். அதோடு, குட்டியின் உடலில் சர்க்கரைச் சேமிப்பும் மிகக் குறைவு. சாப்பிடாமல் கிடந்தால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கி நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரை போகலாம்.

எப்போது உடனே மருத்துவரிடம் போக வேண்டும்?

குட்டிக்கு எட்டு வாரம் நிறையவில்லை என்றால், வேறு எந்த அறிகுறியையும் தேடாமல் அன்றைக்கே கொண்டு போங்கள். எட்டு வாரத்துக்கு மேற்பட்ட குட்டி என்றால் கீழே சொல்லப்படுபவற்றில் ஒன்று இருந்தாலும் போதும்: மலத்தில் இரத்தம், அல்லது தார் போன்ற கறுப்பு மலம், வாந்தி, உணவைத் திரும்பிப் பார்க்காமல் படுத்தே கிடப்பது, வயிறு உப்பி வலியில் முனகுவது, தடுப்பூசி எதுவும் போடாதது. ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் வெப்பமானியில் 39.5 டிகிரி செல்சியசுக்கு மேல் காட்டினாலும், 37.5-க்குக் கீழ் இறங்கினாலும் தாமதிக்க வேண்டாம். இவற்றில் சூடு குறைந்து போவதுதான் அதிக ஆபத்து.

ஈறு பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். உதட்டை மெல்லத் தூக்கினால் ஈறு இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும். விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். ஈறு பிசுபிசுவென்று ஒட்டினால் நீர்ச்சத்து குறைந்திருக்கிறது. வெளிறிப்போயிருந்தால் உள்ளே இரத்தம் இழக்கப்படுகிறது என்று சந்தேகிக்கலாம். கொக்கிப் புழு அதிகமாக உள்ள குட்டிகளுக்கு இப்படித்தான் ஆகும். கறுப்பு ஈறு உள்ள குட்டி என்றால் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள்.

பேதி ஏன் வருகிறது?

மிகச் சாதாரணமான காரணம் நாமே ஊட்டுவதுதான். பசும்பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கப் பல குட்டிகளால் முடியாது. தாயை இழந்த குட்டிக்குக் கெட்டிப் பாலைக் கரைத்து ஊட்டுவது தோட்டங்களிலும் தாமான்களிலும் இன்னும் நடக்கிறது. நல்ல மனத்தோடு செய்தாலும் அது பேதியில்தான் முடியும். நாய்க்குட்டிக்கென்று விற்கப்படும் பால் மாவே தேவை. மைலோ, தே தாரிக், தேங்காய்ப்பால் சேர்ந்த நாசி லெமாக், ரொட்டி சானாய்க் குழம்பு இவை எதுவும் வேண்டாம். வெங்காயமும் கொக்கோவும் நாய்க்கு நஞ்சாகும் பொருள்கள். குட்டியைப் புதிதாக வீட்டுக்குக் கொண்டுவந்த வாரத்தில் உணவைச் சட்டென்று மாற்றினாலும் வயிறு கெடும். பழைய உணவோடு புதியதைக் கலந்து, ஏழு நாளில் மெதுவாக மாற்றுங்கள்.

அடுத்தது குடற்புழு. உருண்டைப் புழு தாயின் வயிற்றிலிருக்கும்போதே குட்டிக்குள் புகுந்துவிடும். கொக்கிப் புழு தாய்ப்பால் வழியாக வரும். எனவே, 'வீட்டைவிட்டு வெளியே போகாத குட்டிக்குப் பூச்சி எப்படி வரும்' என்ற கேள்விக்கு இடமில்லை. பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையும் பூச்சி மருந்து கொடுப்பது வழக்கம். அளவு குட்டியின் எடையைப் பொறுத்தது. ஆகவே மருத்துவரிடம் எடை போட்டு வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியாத ஜியார்டியா, காக்சிடியா போன்ற ஒட்டுண்ணிகளும் உண்டு. இவற்றைக் கண்டுபிடிக்க மலத்தைப் பரிசோதிக்க வேண்டும். சாதாரணப் பூச்சி மருந்து இவற்றில் பலவற்றுக்குப் பலன் தராது.

செம்பனைத் தோட்டத்தை ஒட்டி வசிப்பவர்கள் ஒன்றைக் கூடுதலாக நினைவில் வையுங்கள். எலிகளுக்கு வைக்கப்படும் மெழுகுக் கட்டியைக் குட்டி கடித்திருந்தால், இரத்தம் உறையாமல் போகும் விளைவு சில நாள் கழித்தே தெரியும். அப்போது ஈறு வெளுக்கலாம். மலத்தில் இரத்தம் வரலாம். கடித்ததைப் பார்த்தால், நோய் தெரியும்வரை காத்திருக்காமல் கட்டியின் மிச்சத்தையோ உறையையோ எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அதற்கு மாற்று மருந்து உண்டு.

பார்வோ

எல்லாவற்றிலும் கொடியது பார்வோ வைரஸ். 1978-இல்தான் இது முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் உலகம் முழுவதும் பரவியது. குடலின் உட்சுவரில் வேகமாகப் பெருகும் செல்களையும், எலும்பு மச்சையில் உருவாகும் வெள்ளை அணுக்களையும் இது தாக்குகிறது. குடலின் சுவரே உரிந்துபோவதால் தண்ணீராகப் பேதி, பிறகு இரத்தம், அதோடு ஓயாத வாந்தி. தொற்றிய மூன்று முதல் ஏழு நாளில் நோய் தெரியும். முதல் நாள் குட்டி சோர்ந்து படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான் தெரியும். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான குட்டிகள் இறந்துவிடும். நேரத்தோடு நரம்பு வழியாக நீர் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, கிருமித் தொற்றைத் தடுத்தால் பெரும்பாலானவை பிழைக்கும். வைரஸைக் கொல்லும் மருந்தாக வீட்டில் கொடுக்க எதுவும் இல்லை. பப்பாளி இலைச் சாறு, வேப்பிலைச் சாறு ஆகியவற்றை வாந்தி எடுக்கும் குட்டியின் வாயில் ஊற்றினால் அது மூச்சுக் குழாய்க்குள் போகும் ஆபத்துதான் அதிகம்.

தடுப்பூசி இதற்கு மிக நல்ல பாதுகாப்பு. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் வரையிலும் போட வேண்டும். ஏன் இத்தனை முறை என்று பலர் கேட்பார்கள். தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்புச் சக்தி, தடுப்பூசி வேலை செய்வதையும் சேர்த்துத் தடுத்துவிடுகிறது. அந்தச் சக்தி ஒவ்வொரு குட்டிக்கும் வெவ்வேறு வாரத்தில் தீர்கிறது. எந்த வாரம் என்று தெரியாததால் தொடர்ந்து போடப்படுகிறது. முதல் ஊசியோடு நிறுத்திவிட்ட குட்டியைப் பாதுகாப்பாக இருப்பதாக எண்ண வேண்டாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

குட்டி சுறுசுறுப்பாக விளையாடுகிறது, சாப்பிடுகிறது, வாந்தியோ இரத்தமோ இல்லை, எட்டு வாரத்தைக் கடந்து தடுப்பூசியும் போட்டிருக்கிறது என்றால் மட்டும் பன்னிரண்டு மணி நேரம் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். அப்போதும் பட்டினி போடாதீர்கள். வளர்ந்த நாய்க்கு ஒரு வேளை வயிற்றைக் காயவிடும் பழக்கம் குட்டிக்குப் பொருந்தாது. தண்ணீரை மறைத்து வைப்பதும் கூடாது. 'தண்ணீர் கொடுத்தால் பேதி அதிகமாகும்' என்பது வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி சொல்வது, ஆனால் தவறு.

தோல், எலும்பு, உப்பு, மசாலா எதுவும் இல்லாமல் வேக வைத்த கோழி மார்பு ஒரு பங்கு. குழைய வேக வைத்த வெள்ளைச் சோறு இரண்டு பங்கு. இதைச் சிறு சிறு அளவாகப் பிரித்து ஒரு நாளில் ஐந்தாறு முறை கொடுங்கள். உப்புச் சேர்க்காத நீர்த்த கஞ்சியும் நல்லது. மருந்தகத்தில் மனிதர்களுக்கு விற்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் தூளை உறையில் உள்ள அளவுப்படி ஆறவைத்த கொதிநீரில் கலந்து, சிறிது சிறிதாக நக்க விடலாம். வற்புறுத்தி ஊற்ற வேண்டாம். மலம் கட்டியான பிறகு மூன்று நான்கு நாளில் பழைய உணவுக்குத் திருப்புங்கள். பன்னிரண்டு மணி நேரத்தில் முன்னேற்றம் இல்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

மனிதர்களுக்கு வாங்கிய மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். பனடோல் போன்ற பாராசிட்டமால் நாய்க்கு நஞ்சாகலாம். பேதியை நிறுத்தும் மாத்திரை, வெளியேற வேண்டிய கிருமியைக் குடலுக்குள்ளேயே அடைத்துவிடும். நாம் வயிற்று வலிக்கு விழுங்கும் சின்ன உருண்டை மருந்துகளுக்குக் குட்டிக்கான அளவு யாருக்கும் தெரியாது. மிச்சம் வைத்த ஆண்டிபயாட்டிக் இன்னும் மோசம். அமெரிக்காவில் 2016 முதல் 2018 வரை, கடையில் வாங்கிய நாய்க்குட்டிகளிடமிருந்து காம்பிலோபாக்டர் கிருமி 17 மாநிலங்களில் 113 பேருக்குத் தொற்றியது. அந்தக் கிருமி பல ஆண்டிபயாட்டிக்குகளுக்கு அடங்கவில்லை. விசாரித்தபோது அந்தக் குட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்பே ஆண்டிபயாட்டிக் கொடுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது.

குட்டி துவண்டு விழுந்தால், சிறிதளவு தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ விரலில் தொட்டு ஈறில் தடவிவிட்டு, துணியில் சுற்றிச் சூடாக வைத்துக்கொண்டு உடனே புறப்படுங்கள். இது வழியில் செய்யும் முதலுதவி மட்டுமே.

மருத்துவரிடம் போகும்போது

முதலில் தொலைபேசியில் அழைத்து, குட்டிக்குப் பேதி என்று சொல்லுங்கள். பார்வோவாக இருந்தால் காத்திருக்கும் மற்ற நாய்களுக்குப் பரவாமலிருக்க, உங்களை வேறு வழியாக வரச் சொல்லக்கூடும். குட்டியைத் தரையில் இறக்கிவிடாமல் பெட்டியில் எடுத்துப் போங்கள். பத்து பகாட் சாலையில் உள்ள மலேசியக் கால்நடை மருத்துவக் கழகத்தின் பெயரைக் குளுவாங்கில் அனைவரும் அறிவர். ஆனால் அது பயிற்சிக்கான இடம். நோயுற்ற குட்டிக்கு நகரிலுள்ள தனியார் கிளினிக்கையோ, மாவட்டக் கால்நடை அலுவலகத்தையோ கேளுங்கள். இரவிலும் ஞாயிறுகளிலும் எது திறந்திருக்கும் என்பதை, குட்டி நலமாக இருக்கும்போதே விசாரித்து எழுதி வைத்துவிடுங்கள்.

கிளினிக்கில் தமிழ் தெரிந்தவர் இல்லாமற் போகலாம். பதற்றத்தில் வார்த்தை வராது. ஆகவே இந்த மலாய்ச் சொற்களைத் தெரிந்து வைத்துக்கொள்வது உதவும். வயிற்றுப்போக்கு 'சிரிட்-பிரிட்', வாந்தி 'முந்தா', இரத்தம் 'டாரா', புழு 'சாச்சிங்', பலவீனம் 'லெமா', வாரம் 'மிங்கு'. எத்தனை மிங்கு வயது, எத்தனை முறை சிரிட்-பிரிட், டாரா உண்டா, கடைசியாக எப்போது சாப்பிட்டது என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. மலத்தில் சிறிதளவை மூடியுள்ள டப்பாவில் கொண்டு போங்கள். கைப்பேசியில் படம் எடுத்தாலும் சரி.

செலவை எண்ணித் தயங்குபவர்கள் உண்டு. தொகையை முன்கூட்டியே கேட்பதில் வெட்கம் வேண்டாம். தாமதித்தால் ஒரு நாள் சிகிச்சை நான்கு நாள் சிகிச்சையாகிச் செலவும் கூடும். நோயிலிருந்தும் வலியிலிருந்தும் பிராணியைக் காப்பது உரிமையாளரின் கடமை என்று 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் கூறுகிறது.

வீட்டில் உள்ளவர்களுக்கு

நாயின் பார்வோ மனிதருக்குத் தொற்றாது. ஆனால் காம்பிலோபாக்டர், சால்மொனெல்லா, சில வகை ஜியார்டியா, உருண்டைப் புழு, கொக்கிப் புழு ஆகியவை தொற்றும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், முதியோர், எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளிகள் ஆகியோர் பேதியாகும் குட்டியைத் தூக்கிக் கொஞ்சுவதையும், அதன் மலத்தைச் சுத்தம் செய்வதையும் தவிர்க்க வேண்டும். உருண்டைப் புழுவின் குஞ்சு பிள்ளையின் கண்ணுக்குள் போய்ப் பார்வையைக் கெடுத்த நிகழ்வுகள் உலகில் பதிவாகியுள்ளன.

மலத்தை அன்றன்றே அள்ளுங்கள். உருண்டைப் புழுவின் முட்டை புதிய மலத்தில் தொற்றாது. மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரம் கிடந்த பிறகுதான் தொற்றும் நிலை அடையும். கொக்கிப் புழுவின் குஞ்சுக்கு நம் வெப்பத்தில் ஒரு வாரம் போதும். வெறுங்காலோடு நடப்பவரின் தோல் வழியாகவே புகும். ஆகவே தினமும் அள்ளிப் பைக்குள் கட்டிக் குப்பையில் போட்டால் இரண்டு ஆபத்தும் நீங்கும். முற்றத்தில் பிள்ளைகள் செருப்பு அணியட்டும். கையைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். ஆல்கஹால் கை மருந்து பார்வோவையும் புழு முட்டையையும் கொல்லாது.

தரையில் முதலில் மலத்தை எடுத்து, சோப்பு நீரால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 35 மில்லி குளோரின் வெளுப்பான் கலந்து, பத்து நிமிடம் ஈரமாக இருக்கும்படி ஊற்றி வையுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் வெளுப்பான் வேலை செய்யாது. கழிவறை அமிலத்தோடு ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு வரும். குட்டியின் உடலில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுத் தட்டு, பொம்மை, வெளியில் அணிந்த காலணி ஆகியவற்றையும் இப்படியே செய்யலாம். மண் தரையில் வெளுப்பான் பயன் தராது. வெயில் படவிடுவதே வழி.

பார்வோ வந்து பிழைத்த குட்டி குணமான பின்னும் சுமார் இரண்டு வாரம் வைரஸை வெளியேற்றும். அந்த நாள்களில் அதைப் பக்கத்து வீட்டு நாய்களிடமிருந்து ஒதுக்கி வையுங்கள். இறந்துபோன குட்டி இருந்த வீட்டில், நிழலான மூலைகளில் வைரஸ் பல மாதம், சில வேளை ஓராண்டு வரை தங்கும். அந்தக் காலத்தில் தடுப்பூசி முழுவதும் முடிக்காத வேறொரு குட்டியை அங்கே கொண்டு வர வேண்டாம்.