வரி ஏறுவது வாஷிங்டனில், நட்டம் முத்துப்பேட்டையில்

2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியப் பொருள்களின் மீது தான் விதித்த கூடுதல் வரியை 50 விழுக்காடாக உயர்த்தியது. இறாலுக்கு முன்பே இருந்த பொருள்குவிப்புத் தடுப்பு வரியும் மானிய ஈட்டு வரியும் சேர, மொத்தச் சுமை சுமார் 58 விழுக்காடு ஆனது. அதே சந்தையில் போட்டி போடும் ஈக்வடாருக்கு அப்போது கூடுதல் வரி 15 விழுக்காடுதான்.

இந்திய இறாலை அதிகம் வாங்கும் நாடு அமெரிக்கா. அங்கே வரி ஏறினால் ஏற்றுமதி நிறுவனம் கொள்முதல் விலையைக் குறைக்கும். ஏஜென்ட் அதைப் பண்ணைக்காரரிடம் சொல்வார். முத்துப்பேட்டைக் கழிமுகத்தை ஒட்டிய ஊர்களில் தீவனத்தைக் கடனுக்கு வாங்கி வனாமி இறால் வளர்ப்பவரால் மறுத்துப் பேச முடியாது. வளர்ந்த இறாலைக் குட்டையிலேயே நிறுத்திவைத்தால் தினமும் தீவனச் செலவு, காற்றூட்டிக்கு மின்சாரம், போதாக்குறைக்கு வெள்ளைப்புள்ளி நோய் பற்றிய பயம்.

அரிசி ஆலைகளும் இதே போன்ற அடியைச் சந்தித்தவைதான். 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை மத்திய அரசு தடை செய்தது. அடுத்த மாதமே புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி வந்தது. வெள்ளை அரிசித் தடை நீங்க 2024 செப்டம்பர் ஆயிற்று. இதற்கு நடுவே, செங்கடலில் தாக்குதலுக்கு அஞ்சிய கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கியதால் ஐரோப்பாவுக்கான சரக்குக் கட்டணம் எகிறியது.

இவற்றில் எதையும் முத்துப்பேட்டையில் இருந்துகொண்டு தடுக்க முடியாது. ஆனால் நட்டம் யார் தலையில் விழுகிறது என்பதைப் பெரும்பாலும் காகிதம்தான் தீர்மானிக்கிறது. வாய்ப்பேச்சில் நடக்கும் வியாபாரத்தில் அது கடைசி ஆளிடம் வந்து நின்றுவிடுகிறது.

ஒப்பந்தத்தையே எடுத்துக்கொள்வோம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 56ஆம் பிரிவின்படி, செய்ய ஒப்புக்கொண்ட செயல் பிறகு இயலாததாகவோ சட்டவிரோதமாகவோ ஆகிவிட்டால் ஒப்பந்தம் செல்லாது. ஏற்றுமதித் தடை இந்த வகையில் வரக்கூடும். வரி உயர்ந்தது, லாபம் போயிற்று என்பது வராது. விலை ஏறியது மட்டுமே ஒப்பந்தத்தை முறிக்கக் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே விலை, நாள், வரி மாறினால் யார் சுமப்பது என்ற மூன்றையும் ஒரு தாளிலாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

பாக்கிப் பணம் வராமல் இழுத்தடிக்கப்பட்டால் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம் கைகொடுக்கும். குறு, சிறு நிறுவனத்திடம் பொருள் வாங்கியவர், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. இதற்கான முறையீட்டு மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போனால் முதலில் 75 விழுக்காட்டைக் கட்ட வேண்டும். ஐஸ் ஆலை, கயிற்று ஆலை, அரிசி ஆலை போன்ற உற்பத்தி நிறுவனங்கள் இதைப் பயன்படுத்தலாம். வாங்கி விற்கும் வியாபாரிக்கும் இறால் பண்ணைக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. இது சட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை என்றே நினைக்கிறேன்.

இனி வானிலை. 2018 நவம்பர் 16 அதிகாலை கரையைக் கடந்த கஜா புயல், தென்னையோடு அலையாத்திக் காட்டையும் முறித்துப் போட்டது. கடனுக்காக வங்கி கேட்டதால் காப்பீடு எடுத்தவர்கள் பலர் அதன் ஷரத்துகளைப் படிப்பதில்லை. புயல், வெள்ளச் சேதம் பாலிசியில் சேர்க்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். 20 லட்ச ரூபாய்ச் சரக்கை 10 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், 4 லட்சம் நட்டத்துக்குப் பொதுவாக 2 லட்சம்தான் கிடைக்கும். பிரீமியத்தில் மிச்சம் பிடித்த சிறு தொகை இப்படித்தான் லட்சங்களைத் தின்கிறது. சொத்து மதிப்பு 5 கோடி வரை உள்ளவர்களுக்கு 'பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி இருக்கிறது. அதில் புயலும் வெள்ளமும் அடங்கும்.

இறால் பண்ணைக்குக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் பதிவு கட்டாயம். பிரதமரின் மீன்வளர்ப்போர் வளத் துணைத் திட்டத்தில் 4 ஹெக்டேர் வரையான பண்ணைகளுக்குக் காப்பீட்டுப் பிரீமியத்தில் 40 விழுக்காடு, உச்சவரம்புக்கு உட்பட்டு, ஒருமுறை ஊக்கத்தொகையாகக் கிடைக்கும். விவரங்களை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை மறுத்தால் அந்நிறுவனத்திடமே எழுத்தில் முறையிடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தனி உரிமையாளர்களும் குறுந்தொழில்களும் செல்லலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். அவர் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவுக்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பொருளை அனுப்பிய பிறகு பதிவு செய்தால் பழைய பாக்கிக்கு அது உதவாமல் போகலாம் என்பதால், அடுத்த லாரி கிளம்புவதற்குள் பதிவை முடித்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் பாலிசியை எடுத்து ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.